நாத்தனார் முடிச்சும் ஜிப் இறுகிய பையும்

எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கால் நீட்ட முடியாது. அத்தனையும் சிடிப் பைகள். கறுப்பு ரெக்சின், சுற்றிலும் ஜிப், பிடித்துத் தூக்க ஒரு காது. திறந்தால் ஆல்பம் மாதிரி பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு ஒரு சிடி. விசிடியோ டிவிடியோ, எங்கள் வாயில் எல்லாம் சிடிதான். போர்ட் பிளேரில் எங்கள் லம்பா லைன் குவார்ட்டர்ஸுக்கு முதல்முறை வருகிறவர்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "சார் சைடில் இன்சூரன்ஸ் பண்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். நான் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. சைடில் எதுவும் பண்ணத் துப்பில்லாதவன் என்பது என் மனைவியின் கருத்து.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிடிப் பைத்தியம் புரியாது. இங்கே நேற்று வரைக்கும் ஒரு பாட்டு இன்டர்நெட்டில் இறங்குவதற்குள் உலை வைத்து, சோறு வடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். அதனால் கப்பலில் யார் சென்னைக்குப் போனாலும் என்னிடம் சொல்லாமல் போக முடியாது. திரும்பி வரும்போது அவர்கள் பெட்டியில் எனக்கென்று ஒரு கட்டு சிடி இருக்கும். பெட்டியில் இடம் பிடிக்கிறதே என்று கடையிலேயே டப்பாவைக் கழற்றிக் கடாசிவிட்டுத் தட்டை மட்டும் கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் திருட்டுப் பிரிண்ட் வேறு, மேலே பெயர் கிடையாது. எது என்ன படம் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பெயரில்லாத சிடியை எப்படி அடுக்குவது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் கொண்டுவந்தாரோ அவர் பெயரில் ஒரு பை. மச்சினன் பை, ஹெட்கிளார்க் பை, பக்கத்துவீட்டு தாதா பை. தாதா என்றால் ரவுடியில்லை, வங்காளத்தில் அண்ணன். கொண்டுவந்தவரின் ரசனை தெரிந்துவிட்டால் உள்ளே இருப்பதும் தெரிந்துவிடும். ஹெட்கிளார்க் பை முழுக்கப் பக்தி. மச்சினன் பை முழுக்க வெட்டுக்குத்து.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. நான் ஒரு வாரம் டூட்டிக்காக டிக்லிபூர் போயிருந்த சமயம் பார்த்து எல்லாவற்றையும் கலைத்துத் தன் முறைப்படி அடுக்கிவிட்டாள். குழந்தைகளோடு பார்ப்பது ஒரு பை. மாமியார் வந்தால் போடுவது ஒரு பை. அழுவதற்கு ஒரு பை. "நீங்க பாக்கக் கூடாதது" என்று ஒரு பை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வந்து பார்த்து நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு வங்காளி பௌதி, அதாவது அந்தத் தாதாவின் மனைவி, ஜன்னலைத் திறந்து, "க்யா ஹுவா தாதா, சாப் நிக்லா?" என்று கேட்டார். பாம்பு வந்துவிட்டதா என்று.

அடுக்குவது ஒரு பாடு, காப்பாற்றுவது பெரும்பாடு. இந்த ஊர் மழைக்குப் பெல்ட்டில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை, பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சை. சிடியை மட்டும் விட்டுவைக்குமா? வெள்ளை வெள்ளையாகப் படரும். பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு பார்த்துத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். இதை என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து என் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அவள் பாத்திரம் தேய்ப்பது போலத்தான் தேய்ப்பாள். உப்பு டப்பாவில் ஈரம் இழுக்க அரிசி போடுவோமே, அதே யோசனையில் நான் ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி அரிசியை முடிந்து போட்டேன். ஈரம் போனதோ என்னவோ, வண்டு வந்தது. இதற்கு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் எங்கள் கல்யாண சிடி இருந்தது. இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

என் அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் அந்தச் சிடியின் அருமை தெரியும். எனக்கு ஒரே அக்கா, புரோத்ராபூரில் வீடு. தாலி கட்டும்போது முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற முடிச்சுகளை அவன் உடன்பிறந்தவள் போட வேண்டும், அது நாத்தனாரின் உரிமை. எங்கள் கல்யாணம் போர்ட் பிளேரில் நடந்தது. சொந்தங்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வரவேண்டிய கப்பல் முந்தின நாளே வந்திருக்க வேண்டியது, முகூர்த்தத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் இந்த ஊரைக் கண்ணால் பார்த்தறியாதவர்கள். "நான் ஜெட்டிக்குப் போயி கூட்டிட்டு வந்துர்றேன். நான் வர்ற வரைக்கும் கட்டிராதீக" என்று சொல்லிவிட்டு அக்கா ஆட்டோவில் ஓடினாள். கப்பலை ஜெட்டியில் கட்டி, ஏணி போட்டு, பெரியம்மா தன் மூட்டையைத் தேடி எடுத்து, எல்லாரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. முடிச்சை யாரோ ஒரு ஒன்றுவிட்ட தங்கை போட்டுவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் அக்கா பச்சைத் தண்ணீர் பல்லில் படவிட்டதில்லை. வராமல் இருக்கமாட்டாள். பொங்கல், தீபாவளி, பிள்ளைகள் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் வருவாள். சீர் செய்வாள், கொஞ்சுவாள், அதட்டுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும், "வயித்துல எடமில்ல" என்பாள். என் மனைவி வடையைச் சுட்டு மூக்குக்கு நேரே நீட்டினாலும் வயிற்றில் இடம் இருக்காது.

"முடிச்சுப் போடாததுகூட எனக்கு வருத்தமில்லடா. முகூர்த்தம் யாருக்கும் நிக்காது. ஆனா அக்கா எங்கன்னு ஒரு வார்த்தை நீ தேடலையே."

"தேடினேன் அக்கா. சத்தியமாத் தேடினேன்."

"போடா. மாலை கழுத்துல விழுந்தா எவனுக்கு அக்கா ஞாபகம் வரும்?"

உண்மையைச் சொன்னால், நான் தேடினேனா இல்லையா என்று எனக்கே ஞாபகமில்லை. புகை, மேளம், கண்ணில் அடித்த வீடியோ லைட், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. தேடினேன் என்று சொன்னால் சமாதானமாவாள் என்று ஒருநாள் சொன்னேன். பிறகு சொன்னதையே பிடித்துக்கொண்டு சாதித்தேன்.

சிடியைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வீடியோக்காரர் கேசட்டை மிக்ஸிங்குக்குச் சென்னைக்கு அனுப்பி, அது கப்பலேறித் திரும்பி வர மாசங்களாகிவிட்டது. வந்த அன்றே போட்டோம். பெண் அலங்காரம் வரைக்கும் ஓடியது. தன் கன்னத்தைப் பெரிய திரையில் பார்த்த என் மனைவி, "ஐயய்யே, என்னங்க இது, பூரி மாதிரி! நிறுத்துங்க மொதல்ல!" என்று பிளக்கையே பிடுங்கிவிட்டாள். அத்தோடு அது மறுபடி திரையேறவில்லை.

போன மாதம் அக்கா புரோத்ராபூர் வீட்டை விற்றுவிட்டாள். அத்தான் ரிட்டயர் ஆகிவிட்டார், மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், இனி அங்கேயேதான். கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்று. நான் போய், "ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போக்கா" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "அந்தக் கல்யாண சிடிய வெச்சிருக்கியா?" என்றாள்.

"இருக்கு."

"போட்டுக் காட்டு. நீ என்னைத் தேடியிருந்தியன்னா உக்காந்து சாப்பிடுறேன். இல்லேன்னா அந்தப் பேச்சை விட்டுரு. பஸ், அவ்வளவுதான்!"

சரி என்று வந்துவிட்டேன். சிடி கிடைக்காவிட்டாலும் போச்சு, கிடைத்து அதில் நான் ஈயென்று இளித்துக்கொண்டு தாலியைக் கட்டியிருந்தால் அதைவிடப் போச்சு. இத்தனை வருஷ மனத்தாங்கலோடு அவள் கப்பலேறினால் நான் எந்த மூஞ்சியோடு கோயம்புத்தூர் போய் நிற்பேன்?

கைக்கு எட்டிய பைகளையெல்லாம் ஹாலில் பரப்பினேன். பெயரில்லாத ஒவ்வொரு தட்டையும் பௌதி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பிளேயரில் போட்டேன். எங்கள் பிளேயருக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. பக்திப் பாட்டு வந்தது, வெட்டுக்குத்து வந்தது, யாரோ ஒரு தெலுங்குக்காரர் வீட்டுக் காதுகுத்துகூட வந்தது. எங்கள் கல்யாணம் மட்டும் வரவில்லை. என் மனைவி காய் நறுக்கியபடி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சாவகாசமாக, "அது அந்தத் தெறக்க முடியாத பையில இருக்கு" என்றாள்.

"தெறக்க முடியாத பைக்குள்ள எப்படி வெச்சே?"

"வெக்கும்போது தெறந்துச்சு."

கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகக் கிடந்தது அந்தப் பை. உப்புக்காற்றில் ஜிப் பச்சை பூத்து இறுகிப்போயிருந்தது. நான் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பௌதி, "அரே தாதா, தேல் மத் டாலோ! மோம்பத்தி கிஸோ, மோம்பத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் விடாதே, மெழுகுவர்த்தி தேய் என்கிறார். எண்ணெய்க்கு மேல் மெழுகு தேய்த்தேன். இரண்டும் சேர்ந்து களிம்பாகி ஜிப்பின் தலை வழுக்க ஆரம்பித்தது, நகரவில்லை. கட்டிங் பிளையரால் இழுத்தேன். தலை கழன்று கையோடு வந்துவிட்டது. என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு, மீன் வெட்டும் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, சூரை மீனைப் பிளப்பது போல ஒரே இழுப்பில் பையைக் கிழித்தாள். முதலில் வண்டு வெளியே வந்தது. பிறகு நான் முடிந்துபோட்ட அரிசி மாவாகக் கொட்டியது. கடைசி உறையில் வெள்ளை பூத்து எங்கள் கல்யாணம் இருந்தது.

நானே துடைத்தேன். நடுவிலிருந்து விளிம்பு பார்த்து. அவளைக் கிட்டே விடவில்லை.

முன்கூட்டிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. அதற்குள் வாசலில் அக்காவின் ஆட்டோ நின்றது. அக்கா வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அடுப்படியில் சோறு, குழம்பு, வறுவல் எல்லாம் தயார். பரிமாறுவோமா மாட்டோமா என்பது மட்டும் தெரியாது.

படம் நின்று நின்று ஓடியது. பூரிக் கன்னம் வந்தது, என் மனைவி கூரையைப் பார்த்தாள். மணவறை வந்தது. அங்கேதான் சென்னை மிக்ஸிங்காரன் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான். தாலி கட்டும் கட்டத்தில் நாலு மூலையிலிருந்தும் இதயம் இதயமாகப் பறந்து வந்தது. ரோஜாப்பூ சுற்றியது. மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு காதல் பாட்டை ஏற்றியிருந்தான்.

"என்னடா இது, ஒண்ணுமே தெரியல!" என்றாள் அக்கா.

"இரு, இரு."

ஒரு பெரிய இதயம் விலகியது. கையில் தாலியோடு நான் நிற்கிறேன். ஆனால் பெண்ணைப் பார்க்கவில்லை. உடம்பே திரும்பியிருக்கிறது, கழுத்தை எட்டி மண்டப வாசலைப் பார்க்கிறேன். ஐயர் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். குனிகிறேன், மறுபடி நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறேன். காதல் பாட்டுக்கு நடுவே என் வாய் பெரிதாகத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. என்ன சொல்கிறேன் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அக்கா, அக்கா, அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் நான் சாதித்த பொய் பொய்யே இல்லை.

முதலில் பேசியது என் மனைவி. "இதுக்காகவா நின்னீங்க?" என்றாள். குரல் என்னவோ போல் இருந்தது. "நான் குனிஞ்ச தலையோட கழுத்து வலிக்க உக்காந்திருந்தேன். என்னடா, இந்த மனுஷன் கட்டாம நிக்கிறாரே, என்னைப் பிடிக்கலயோ, எந்திரிச்சு ஓடிருவாரோன்னு..." என்று நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இத்தன வருசமா அப்படித்தாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன். யாருகிட்ட போயிச் சொல்ல?"

எனக்குப் பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"மறுபடி போடு" என்றாள் அக்கா. போட்டேன். மறுபடி இதயம் பறந்தது, மறுபடி நான் திரும்பினேன், ஐயர் இழுத்தார், நான் வாயைத் திறந்தேன். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்த மாலை போட்ட பையனை என்னமோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"கத்தாதடா," என்றாள் டிவியைப் பார்த்து. "ஜெட்டியிலதான்டா நிக்கிறேன். இந்தா வந்துட்டேன்."

என் மனைவி இலை போட எழுந்து போனாள்.