குரங்கு முடிச்சு

வீட்டில் கணவர் அவளை மடிப்பு என்றுதான் கூப்பிடுவார். கையில் எது கிடைத்தாலும் நாலாக மடித்த பிறகே கீழே வைப்பாள். துவாலையானாலும் சரி, காலியான பால் உறையானாலும் சரி. மருத்துவமனை ஒன்றின் துணியறை அவள் பொறுப்பில் இருந்தது. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போயிற்று, எது கிழிந்து திரும்பியது என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருக்கும். அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் அவளுக்குப் பயந்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் அவளை மெச்சினார்கள்: அவள் யாருடைய பையையும் தொட மாட்டாள். துணி குறைந்தால் கத்துவாள். பையைத் திற என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அது கணவருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் நகரத்து ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே மேற்பார்வை பார்த்த அம்மாவுக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் கைக்குட்டை. சுத்தம் செய்து முடித்த அறைக்குள் அந்த அம்மா தனியாக நுழைந்து, வெள்ளைக் கைக்குட்டையை ஜன்னல் விளிம்பிலும் கதவின் மேல் சட்டத்திலும் ஒரு இழு இழுப்பார். துணி கறுத்தால் அவர் முகமும் கறுக்கும். அன்றைக்கு யாருக்கோ சனி.

அழுக்குத் துணியை மூட்டை கட்டுவதில் மடிப்புக்குத் தனி முறை இருந்தது. கீழ்விரிப்பைத் தரையில் போட்டு, மற்றதையெல்லாம் நடுவில் குவித்து, மூன்று முனைகளைச் சேர்த்து முடிந்து, நான்காவது முனையை முடிச்சுக்குள் நுழைத்து நீளமாக வெளியே விடுவாள். அதைப் பிடித்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டால் இன்னொரு கை சும்மா இருக்கும். கைக்குட்டைக்கு அது ஆகவே ஆகாது.

"இது என்ன குரங்கு முடிச்சு, வாலும் கீலுமா? மனுஷங்க மாதிரி கட்ட மாட்டியா?" என்பார்.

அதுவரைகூடப் பரவாயில்லை. ஒருநாள் தங்கியிருந்த ஒருவரின் கைக்கடிகாரம் காணாமல் போனது. அந்த அறையைச் சுத்தம் செய்தவள் மடிப்பு. கைக்குட்டை அவளை ரிசப்ஷனுக்குக் கூட்டிவந்து, வந்தவர் போனவர் எல்லோரும் பார்க்க, "பையைக் கொட்டு" என்றார். அவள் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, பல் உடைந்த சீப்பு, பாதி சாப்பிட்ட பன், தாளில் சுற்றிய மாற்று உள்ளாடை. தாள் பிரிந்து அது மேசையில் பரவிக் கிடந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். அவள் பொறுக்கி முடிப்பதற்குள் கடிகாரத்துக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோட்டுப் பையிலேயே இருந்ததாம். கைக்குட்டை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கெடச்சிருச்சில்ல. போய் வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்க்கவில்லை. அந்தப் பையோடு வெளியே நடந்தவள் திரும்பி வரவே இல்லை. கல்யாணம் ஆயிற்று, ஊர் மாறிற்று, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஆனாலும் ஈரத் துணியைப் பிழியும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கழுத்து ஞாபகம் வரும். பிழிந்த பிறகு கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்குவாள்.

பெரியவளுக்கு நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு இரவு தங்க வேண்டும். பேருந்து ஓட்டுநரான கணவர், நிலையத்துக்குப் பக்கத்திலேயே சின்ன விடுதி ஒன்று தெரியும் என்றார். மடிப்பு ஒரேயடியாக மறுத்தாள். தங்கினால் அந்த ஓட்டலில்தான்.

"அங்க அப்படி என்ன இருக்கு?"

"சுடுதண்ணி நல்லா வரும்."

சுடுதண்ணீர் நன்றாகத்தான் வந்தது. சின்னவள் குளியலறைக்குள் போனவள் வெளியே வர மனசில்லாமல் கிடந்தாள். காலையில் ரொட்டியும் முட்டையும் பழமும் கேட்கக் கேட்கக் கொண்டுவந்தார்கள். மற்றது அத்தனையும் அரைகுறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஏசி குளிர்ந்ததைவிட ஒழுகியது அதிகம். லிப்ட் இரண்டாவது மாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகும்.

"என் பழைய வண்டி மாதிரியே இருக்கு. மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றார் கணவர்.

மடிப்பு சிரிக்கவில்லை. வந்து இறங்கிய அன்றே கைக்குட்டையைப் பார்த்துவிட்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நடையில் ஒரு பக்கச் சாய்வு. கையில் அதே வெள்ளைத் துணி. லிப்ட் வாசலில் நேருக்கு நேர் வந்து, "வணக்கம் மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டார். அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியும் சதையும் போட்டுவிட்ட இவளை எப்படித் தெரியும்? மேடம் என்றது மடிப்புக்கு இனித்தது. தெரியாமல் போனது அதைவிட எரிந்தது. என் வாழ்க்கையைக் கொட்டிக் கவிழ்த்தவளுக்கு என் முகம்கூட மனசில் இல்லையா?

அன்றிரவே திட்டம் தயார்.

அந்த ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. தங்கியிருப்பவர் எதையாவது காணவில்லை என்றால், அறைக்குள் போன பணியாள் ரிசப்ஷன் மேசையில், அவர் கண் முன்னால் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். சட்டம் போட்டது கைக்குட்டையேதான். ஆகவே அறைக்குள் கைக்குட்டை ஒருத்தி மட்டும் நுழைய வேண்டும். மடிப்பு கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை மாட்டி, இரண்டு நாளும் கழற்றவே இல்லை. சுத்தம் செய்ய வந்த பெண் வாசலிலேயே துவாலைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னவளுக்கென்று இன்னொரு சோப்பும் கேட்காமலே தந்தாள். அவள் மேல் ஒரு சொல் விழக் கூடாது என்பதில் மடிப்பு கண்ணாக இருந்தாள்.

புறப்படும் நாள் காலையில் போன் செய்து, தலையணை உறையில் கறை இருக்கிறது, மேற்பார்வை பார்ப்பவரே வந்து பார்க்கட்டும் என்றாள். கணவரும் பெண்களும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டை வந்தார். கண்ணுக்குச் சிக்காத கறையைக் குனிந்து தேடினார். மன்னிப்புக் கேட்டார். போகிற போக்கில் ஜன்னல் விளிம்பில் துணியை ஒரு இழு இழுத்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் மடிப்பு காதிலிருந்த ஒற்றைத் தோட்டைக் கழற்றினாள். கணவர் முதன்முதலில் வாங்கித் தந்த சிவப்புக்கல் தோடு. அதைத் தலையணை உறையின் மூலைக்குள் தள்ளினாள். கீழே கூத்து முடிந்ததும் மேலே வந்து, "அட, இங்கேதான் இருக்கு" என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டுக்காரருக்குக் கிடைத்தது போல.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் சொன்னாள்: "நான் கீழ போய்க் கணக்கு முடிச்சிட்டு வரேன். நான் வர வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

"பெட்டியையாவது தொடலாமா?" என்றார் கணவர்.

"பெட்டியைத் தொடுங்க. வேற எதையும் தொட்டா கைய ஒடிப்பேன்."

ரிசப்ஷனில் டை கட்டிய இளைஞன் ஒருவன் இருந்தான். மடிப்பு வெறும் காதைக் காட்டினாள். அறைக்குள் வந்தது ஒரே ஒருத்தர்தான் என்றாள். யார் என்று கேட்டவனுக்கு, சொன்னதும் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், அவங்க இங்க ரொம்ப வருஷமா..."

"இங்க ஒரு சட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். சின்னவங்களுக்கு மட்டுந்தானா அது?"

கைக்குட்டை வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபப்படவில்லை, அழவில்லை. உள்ளே போய்ப் பழுப்பு நிறக் கைப்பையை எடுத்துவந்தார். சோபாவில் இரண்டு மூன்று பேர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்கள். எல்லாம் மடிப்பு மனசில் ஓட்டிப் பார்த்தபடியே நடந்தது. பை மேசைக்கு மேலே கவிழ்ந்தது.

சரியாக அந்த நேரம் லிப்ட் திறந்தது. பெட்டிகளோடு கணவரும் பெண்களும் வந்தார்கள்.

"மடிப்பு, ஒரு வேலை மிச்சமாச்சு உனக்கு" என்றார் கணவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "பெட்ஷீட், தலகாணி உறை எல்லாம் உருவி, மூட்டை கட்டி வெளிய வச்சாச்சு. அப்பவே ஒருத்தன் வண்டியில போட்டுக் கொண்டுபோய்ட்டான்."

"நான்தாம்மா கட்டினேன்" என்றாள் சின்னவள்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. எங்கே தங்கினாலும், அத்தை வீடானாலும் நண்பர் வீடானாலும், படுத்த படுக்கையை உருவிக் கட்டி வைக்காமல் கிளம்பக் கூடாது. நடக்கப் பழகியதிலிருந்து பெண்களுக்கு அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். தொடாதே என்றால் அது தங்கள் கையைச் சும்மா இருக்கச் சொல்லும் அன்பு என்று நினைத்துவிட்டார்கள்.

மடிப்பின் கை வெறும் காதுக்குப் போயிற்று. இந்த நேரம் தோடு கொதிநீர் இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கும். மேசையில் சாமான்கள் விழுந்த சத்தம் மட்டுமே காதில் விழுந்திருந்தது. எத்தனையோ வருடமாகக் காத்திருந்த அந்தக் காட்சியை அவள் பார்க்கவில்லை. திரும்பி நின்று கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கொண்டுபோனான்? சலவைக்கூடத்துக்கா? போன் போடுங்க, சீக்கிரம்" என்றாள் டைக்காரனிடம். குரல் அவளுடையதாகவே இல்லை.

"தோடு மேடம்..." என்று இழுத்தான் அவன்.

"அதுக்குத்தான் சொல்றேன். உறைக்குள்ள விழுந்திருக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் சலவைக்கூடத்து ஆள் மூட்டையைத் தோளில் தொங்கவிட்டபடி மேலே வந்தான். வால் மாதிரி நீண்டிருந்த முனையைப் பிடித்திருந்தான். "தூக்க வசதியாத்தான் இருக்கு. யாரு கட்டினது?" என்று கேட்டபடியே தரையில் வைத்தான். மடிப்பு மண்டியிட்டு அவிழ்த்து, உறையின் மூலைக்குள் விரலை விட்டாள். தோடு இருந்தது.

சோபாக்காரர்களின் பார்வை இப்போது அவள் மேல் திரும்பியது. கணவர் பதறிப்போய், "மன்னிச்சிருங்கம்மா, தெரியாம..." என்று கைக்குட்டையிடம் போனார். கைக்குட்டை அவரைக் கவனிக்கவில்லை. தரையில் கிடந்த விரிப்பின் கசங்கிய முனையைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தார். இவள் வந்த நாளிலிருந்து இப்போதுதான் முதன்முறையாக உற்றுப் பார்த்தார்.

"குரங்கு முடிச்சு" என்றார் மெல்ல.

மடிப்பு எழுந்தாள். தோட்டைக் காதில் மாட்டித் திருகினாள். அவசரமே படவில்லை.

"கெடச்சிருச்சில்ல. போய் வேலையப் பாரு."

பெண்கள் இருவரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வயதில் மூத்த யாரிடமும் அம்மா இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

கைக்குட்டை சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தார். மாத்திரை அட்டை, மூக்குக் கண்ணாடி, சின்ன டப்பா. "அன்னைக்கு அந்தக் கடிகாரம் கெடைக்கலேன்னா என் வேல போயிருக்கும்" என்றார், கையை நிறுத்தாமல்.

"எனக்குப் போச்சு" என்றாள் மடிப்பு.

மன்னிப்பு வரவில்லை. இவளும் கேட்கவில்லை. பையை மூடிய பிறகு கைக்குட்டை வெள்ளைத் துணியை எடுத்து, மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் துகளை ஒரே இழுப்பில் துடைத்தார். துணியைத் திருப்பி அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி லிப்டை நோக்கி நடந்தார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்கள் முன்னால் போனார்கள். கணவர் பெட்டிகளோடு பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தார். அங்கே நிழலில் பெட்டிகளை வைத்துவிட்டு, "இப்பவாவது சொல்லு" என்றார். அவள் கடிகாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சீப்பைச் சொன்னாள், பன்னைச் சொன்னாள், தாள் பிரிந்ததைச் சொன்னாள்.

"என்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நீங்க போய் ரெண்டு அறை விட்டுட்டு வந்திருப்பீங்க. அது எனக்குப் பத்தாது."

"இப்பப் பத்துச்சா? மனசு குளிர்ந்துச்சா?"

அவள் யோசித்தாள். அவரிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"பை கவுந்தப்ப நீங்க வந்து மூட்டை கட்டின பெருமையைப் பேசினீங்க. கொட்டினப்ப என்னென்ன எப்படி விழுந்துச்சுன்னே நான் பார்க்கல. அவ முகம் எப்படிப் போச்சுன்னும் பார்க்கல."

"பாவம், வயசானவங்க."

"அப்பவும் எனக்கு மேல வயசானவதான்."

கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்" என்றார். "மாத்திரை இருந்துச்சு. கண்ணாடி இருந்துச்சு. ஒரு டப்பா. காகிதத்துல சுத்தின பாதி ரொட்டி. அப்புறம் மடிச்ச துணி ஏதோ ஒண்ணு, அத மட்டும் கை வச்சு மறைச்சுக்கிட்டாங்க."

மடிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பயணச் சீட்டு அதற்குள் நாலாக மடிந்திருந்தது.

"மறைச்சாளா?"

"ஆமா."

"எந்தக் கையால?"

"இடது கைன்னு நினைக்கிறேன். ஏன்?"

"சும்மாதான். இன்னொரு தடவ முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். "மெதுவாச் சொல்லுங்க."