கமலவேணி எழுதிய பூட்டுக்காரன்

திருப்பதியில் பள்ளி விட்டு வெளியே வந்தபோதுதான் செய்தி வந்தது. சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஓடிவந்த என் தங்கை, "அக்கா, கமலவேணி டீச்சர் காலையில போயிட்டாங்க" என்றாள். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். சித்தூர் அவரைப் படுத்திய பாட்டை அறிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

நான் திருப்பதிக்கு வருமுன் நானும் கமலவேணியும் சித்தூரில் ஒரே பள்ளியில் தமிழ் ஆசிரியைகள். சித்தூர் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று தெருவெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் தெருக்குழாயில் பானை வைத்த வெங்கடசுப்பம்மாவை நம் தமிழ் ஆட்கள் மறித்தார்கள். அந்த அம்மாள் கமலவேணிக்கு அடுத்த வீட்டுக்காரர். தெலுங்கு பேசுகிறவர், அவ்வளவுதான் குற்றம். "ஆந்திராவுல போய்ப் புடிச்சிக்கோ" என்று பானையை எட்டி உதைத்தவர் அரிசி மண்டிக்காரர், சித்தூரைச் சென்னையோடு சேர்க்கப் போராடிய எல்லைக் குழுவின் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் கமலவேணியால் தாங்க முடியவில்லை.

அவருடைய ஒரே நாவல் அதிலிருந்து வந்தது. வருங்காலத்தில் ஓர் ஊர், ஒரே கிணறு, அதற்கொரு பூட்டு. இன்று யாருக்குத் தண்ணீர் இல்லை என்று ஊரே கூடித் தீர்மானிக்கும். பூட்டுக்காரன் அதை ஆசையாக நிறைவேற்றுவான், காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை நாக்கு வறண்டு சாகும்வரை.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் வெங்கடசுப்பம்மாவிடம் தெலுங்கில் சொல்லிவிட்டுத்தான் தமிழில் எழுதுவார். குழந்தை செத்த மறுநாளே பூட்டுக்காரன் கதறித் திருந்துவதாகச் சொன்னபோது, அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்து, "பொய். என் பானையை உதைச்சவரு நேத்துகூட என்னைப் பார்த்துச் சிரிச்சிக்கினுதானே போனாரு?" என்றாராம். கமலவேணி அந்த அத்தியாயத்தை எழுதவே இல்லை. "ஒரே நாள்ல திருந்தறது எழுதறவளுக்கு வசதி. மனுசன் மொதல்ல மழுப்புவான், அப்புறம் எரிஞ்சி விழுவான், அதுக்கப்புறந்தான் வெட்கப்படுவான்" என்றார் என்னிடம். அவருடைய பூட்டுக்காரன் வெட்கப்பட்டு, யாரும் கேட்காமலே வீடுவீடாகத் தண்ணீர் சுமப்பதற்குள் பாதி நாவல் ஓடிவிடும்.

அச்சுக்குப் போகுமுன் விஷயம் தெரிந்து தலைவர் வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாம்மா இது, நம்ம ஆளையே கெட்டவனா எழுதிக்கிறே? தெலுங்குக்காரனா மாத்திடு. நாங்களே வித்துத் தர்றோம்."

"உதைச்ச கால் நம்ம கால்தானே அண்ணா?" என்றார் கமலவேணி.

அவ்வளவுதான். துரோகி என்று பட்டம் கட்டினார்கள். கடைகளில் புத்தகத்தை வைக்கவிடவில்லை. வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். படுபாவிகள்! எல்லைக்கோடு போட்டு, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சித்தூர் ஆந்திரப் பக்கமும் ஆன பிறகும் ஒருவர்கூட வந்து தப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகக் கட்டுகளைக் கரையான் தின்றது.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை யார் தெரியுமா? அதே மண்டிக்காரர். "அந்த நாவல்ல கடைசியில திருந்தறானே, அவன் நான்தான். என்னை வச்சித்தான் அம்மா எழுதினாங்க" என்றார். கைதட்டல் வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து கேட்டேன்: "வெங்கடசுப்பம்மா வீடு கூப்பிடு தூரம். இத்தனை வருசத்துல ஒருநாள் படியேறி, 'தப்பும்மா'ன்னு சொன்னீங்களா?"

மண்டிக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "சாவுக் கூட்டத்துல இதெல்லாம் இன்னாத்துக்கு டீச்சர், உக்காருங்க" என்றது ஒரு குரல். நான் உட்காரவில்லை.

மனிதன் மாறுவான் என்று கமலவேணி கடைசிவரை நம்பினார். ஆனால் மாறாதவனுக்கு, மாறிவிட்டான் என்று எழுதிக்கொடுக்க மறுத்தார். அவருடைய பொறுமை எனக்கு வராது. அந்த மறுப்பை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். தலைவருக்கும் சொல்லிவிடுகிறேன்: வெங்கடசுப்பம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், உயிரோடு. போங்கள்.