அடிமூட்டைச் சாம்பிள்

கழுத்தில் கட்டி இருப்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. தைராய்டில் ஒரு கட்டி, பதினெட்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் வியாபாரி. எட்டு மில்லிமீட்டர் காயையே முதல் தரம் என்று கொண்டாடுகிற மனுஷர். பதினெட்டு என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "அறுத்து எடுத்துருவோம்" என்றார், மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே. கழுத்து என்னுடையது என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மதுரையில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. முதலில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துப் பரிசோதிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஆபரேஷன்.

"சாம்பிளை நம்பி மோசம் போனவன் டாக்டர் நான்" என்று ஆரம்பித்தார் இவர். மலையிலிருந்து ஜீப்பில் வந்த ஒரு லோடு. மூட்டை வாயில் பச்சைப்பசேலென்று காய், அடியில் எல்லாம் உள்ளே விதையில்லாத, வெளுத்த பொக்கு. அந்தக் கதையை முழுசாகச் சொன்னார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "மூட்டையத் திறந்து கொட்டிப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்று முடித்தார்.

"திறந்து பார்க்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "குரலுக்குப் போற நரம்பு தைராய்டை ஒட்டியே போகுது. அதுல அடிபடுறது அபூர்வம்தான். பட்டுட்டா குரல் கம்மிப்போகலாம்."

குடோனில் காய் பொறுக்கும் பெண்களை மேய்ப்பதும், எஸ்டேட்டுக்குப் போன் போட்டு விலை பேசுவதும் நான்தான். என் சோலியே குரல்தான். கோபம் வந்தால் அதுவும் குரலில்தான் வரும். "மெதுவாப் பேசு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது" என்று இவர் சொல்லாத நாள் கிடையாது. கட்டி கெட்டது என்றால் அறுக்கட்டும். அது தெரியாமலே குரலைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை. "ஊசியே போடுங்க" என்றேன்.

இவர் மறுக்கவில்லை. குரல் என்ற பேச்சு வந்ததுமே அறுக்கிற பேச்சை விட்டுவிட்டவர், எழுந்திருக்கும்போது மட்டும் கேட்டார். "மேலாப்புல மட்டும் எடுப்பீங்களா, அடியிலயும் எடுப்பீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, சந்தேகமான இடமாகத் தேடி, பல பக்கமும் எடுப்போம் என்றார்.

"அப்பச் சரி."

ஊசி எறும்புக்கடியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ரிசல்டுக்குக் காத்திருந்ததுதான் கஷ்டம். பயமாகத்தான் இருந்தது. பயத்தில் நான் குடோனில் யாரையும் அதட்டவில்லை. அந்தப் பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

புற்றுநோய் இல்லை என்று வந்தது. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதுமாம். போடி ரயிலில் திரும்பும்போது ஜன்னலில் மலை தெரிய ஆரம்பித்தது. நான் வடை வாங்கித் தின்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மறுநாள் குடோனுக்குள் நுழைந்தால், இவர் நல்ல காய் மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டிருக்கிறார். காற்றுப் பட்டால் மணமும் போகும், நிறமும் போகும். இது தெரியாதவரா? வைத்து வாங்கிவிட்டேன். காய் பொறுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பஸ் ஸ்டாண்டு கணக்கைச் சொல்லப்போகிறார் என்று நான் பதிலோடு தயாராக நின்றேன்.

அவர் மூட்டையைக் கட்டவும் இல்லை, என்னை அடக்கவும் இல்லை.

"இந்தா, கடைசியில சொன்னது சரியாக் கேக்கல" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். நான் இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் சத்தமாக.