நாற்காலியை விட்டு எழாத ஓரெஸ்ட்

எங்கள் ஊர் டார்மனில் ஐஸ் ஹாக்கி அணிக்கு ரசிகராக இருப்பது தெரிந்தே கிணற்றில் விழுகிற காரியம். அணிக்குப் பேட்ஜர்ஸ் என்று பெயர். முப்பத்தொரு வருடமாகக் கோப்பை கிடையாது. பாதி வருடங்கள் ப்ளேஆஃப் என்கிற கடைசிக் கட்டப் போட்டிகளின் பக்கமே போனதில்லை. போன வருடங்களிலும் முதல் சுற்றிலேயே உதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். ஆனாலும் குளிர்காலம் முழுக்க நாங்கள் போய் உட்காருவோம். வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்திலும் ஓரெஸ்ட் தனி ரகம். ரயிலடித் தானியக் கிடங்கில் நாற்பது வருடம் எடை போட்டவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஆறாவது வரிசையில் ஓரத்து நாற்காலி அவனுடையது. ஊரில் நடக்கும் ஆட்டம் ஒன்றையும் இருபத்தொன்பது வருடமாக விட்டதில்லை. பக்கத்தில் அவன் அண்ணன் தாராஸ் உட்காருவான். தாராஸ் இளவயதில் இதே அணிக்குக் கோல் காக்கும் கோலியாக நின்று, முன்பற்கள் மூன்றை இந்த ஐஸில் விட்டவன். நான்கு வருடம் முன்பு மகள் நாடியா வீட்டோடு இருக்க, மலைகளுக்கு அந்தப் பக்கம் கெலோனாவுக்குப் போய்விட்டான். காலியான நாற்காலிக்கு நான் வந்தேன். நான் இர்மா, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். குரல் கொஞ்சம் பெரிது. நடுவரைத் திட்டுவதற்கு வசதி.

போன மார்ச்சில் நாடியா போன் செய்தாள். தாராஸுக்குக் கணையத்தில் புற்றுநோய். "டாக்டருங்க வாரக்கணக்குலதான் சொல்றாங்க சித்தப்பா. சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

அதே வாரம்தான் எங்கள் அணி எட்டாவது இடத்தில் தவழ்ந்து ப்ளேஆஃபுக்குள் நுழைந்திருந்தது. எதிரே முதல் இடத்து மார்ஷல் ஏரி அணி. அந்தப் பருவத்தில் அவர்களோடு ஆறு முறை ஆடி ஆறு முறையும் தோற்றிருந்தோம். ஏழு ஆட்டத்தில் யார் முதலில் நான்கு ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த சுற்று. எங்கள் கணக்கு ரொம்ப எளிது: நாலு ஆட்டம், நாலு உதை, கதை முடிந்தது.

"வியாழக்கிழமை நாலாவதும் தோத்துருவாங்க. வெள்ளிக்கிழமை காலைல கிளம்பிடறேன்" என்றான் ஓரெஸ்ட்.

"தோக்கற விஷயத்துல நம்ம பசங்கள கண்ண மூடிட்டு நம்பலாம்" என்றேன்.

முதல் மூன்று ஆட்டமும் சொன்னபடியே போயின. வியாழக்கிழமை பெட்டியைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டுத்தான் ஆட்டத்துக்கு வந்தான். அன்றைக்குப் பார்த்து எங்கள் கோலிப் பையனுக்கு என்ன பிடித்ததோ, நாற்பத்து மூன்று அடிகளைத் தடுத்தான். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஓரெஸ்ட் அழுதான். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

ஜெயிக்கிறபோது எதையும் மாற்றக்கூடாது என்பது எங்கள் ஊர் வேதம். ஆண்கள் சவரம் செய்ய மாட்டார்கள், போட்ட காலுறையைத் துவைக்க மாட்டார்கள். அன்று முதலில் கத்தியது நான்தான்: "ஓரெஸ்ட், நீ இந்த நாற்காலிய விட்டு எங்கயும் போகக்கூடாது!" சுற்றியிருந்த நான்கு வரிசையும் கூடவே கத்தியது.

அவன் அங்கேயே தாராஸுக்குப் போன் போட்டான். ஓரெஸ்ட் காது மந்தமானவன், ஸ்பீக்கரில்தான் பேசுவான். எல்லோரும் குனிந்து கேட்டோம்.

"ரெண்டாவது பீரியட்ல அந்தப் பையன் இடது கால நீட்டி ஒண்ண நிறுத்துனானே, அடேயப்பா!" என்றான் தாராஸ்.

"அண்ணே, நாளைக்குக் கிளம்பி வரேன்."

"வந்தேன்னா கால ஒடச்சுருவேன். நீ எந்திரிச்சா தோத்துருவானுங்க. உக்காருடா அங்கயே!"

நாங்கள் கைதட்டினோம்.

சனிக்கிழமை ஆட்டம் அவர்கள் ஊரில். ஓரெஸ்ட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இங்கே வெறும் அரங்கத்துக்கு வந்து, கம்பளிக் கையுறையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். ஐஸ் துடைக்கும் வண்டிக்காரன் எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, பைத்தியங்களா என்று சொல்லி, அவனும் பின்னால் உட்கார்ந்தான். ஓவர்டைமில் ஜெயித்தோம். திங்கட்கிழமை ஊரில் மறுபடியும் ஜெயித்தோம். இப்போது ஆட்டக் கணக்கு மூன்றுக்கு மூன்று. என் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் எல்லாம் முகத்தில் சாயம் பூசியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓரெஸ்ட் போன் செய்தான். ஒவ்வொரு முறையும் தாராஸ் கோலைப் பற்றிச் சொல்லி, வராதே என்றான். திங்கட்கிழமை அந்தக் குரல் மெலிந்து நூலாகியிருந்தது. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓரெஸ்ட் என் வீட்டுக்கு வந்தான். காப்பியைத் தொடவில்லை.

"அண்ணன் சாப்பாட்ட நிறுத்திட்டானாம், இர்மா. நாடியா சொன்னா. நான் போயிடட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தானே. அவனே வராதங்கறான். நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. என்னிடம் கேட்டான், பாவி. நான் போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பான்.

புதன்கிழமை ஏழாவது ஆட்டம், அவர்கள் ஊரில். நாங்கள் மறுபடியும் வெறும் அரங்கத்தில். ரேடியோவில் ஆட்டக்காரர்களின் பேர்களைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வலையில் முதல் கோல் விழுந்தது. இரண்டாவது பீரியட் முடிவதற்குள் ஐந்து. வண்டிக்காரன் எழுந்து போய் விளக்குகளைப் பாதி அணைத்தான். ஓரெஸ்ட் மட்டும் அசையவில்லை. கடைசி மணி அடிக்கிறவரை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழுக்கு ஒன்று.

மறுநாள் விமானம். கால்கரியில் மாற வேண்டும், அவனுக்கு அறிவிப்பு காதில் விழாது. அதனால் நானும் கூடப் போனேன். அதனால் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நாடியா நின்றிருந்தாள். தாராஸ் முந்தின நாள் காலையிலிருந்து கண் திறக்கவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"நேத்து ஆட்டத்த அவன் கேக்கலயா?" என்றான் ஓரெஸ்ட்.

"எந்த ஆட்டத்த கேட்டாரு அப்பா, சித்தப்பா? ரேடியோ சத்தமே அவருக்கு ஆகல."

"என்கிட்ட கோல் கோலா சொன்னானே."

"நான் பாத்து எழுதி வெச்சு படிச்சுக் காட்டுவேன். நீங்க போன் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயத்த மனப்பாடம் பண்ணிப்பாரு. உங்க சந்தோஷத்த எதுக்குக் கெடுக்கணும்னு."

நாடியா அத்துடன் நிறுத்தியிருக்கலாம். களைத்துப்போனவர்களுக்கு எதை விழுங்க வேண்டும் என்று தெரிவதில்லை.

"ஒவ்வொரு ராத்திரியும் மொதல்ல ஒண்ணுதான் கேப்பாரு. 'தோத்துட்டாங்களா?'ன்னு. இல்லப்பா, ஜெயிச்சுட்டாங்கன்னு சொன்னா, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. கொஞ்ச நேரம் கழிச்சுதான், சரி, கோல் யாரு போட்டான்னு சொல்லும்பாரு."

ஓரெஸ்ட் உள்ளே போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, காதோரம் குனிந்தான். காது மந்தமானவன் இல்லையா, மெதுவாகப் பேசத் தெரியாது. நடைபாதை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, தோத்துட்டோம். ஏழுக்கு ஒண்ணு. நான் வந்துட்டேன்."