பொம்மைக்குப் போட்ட சட்டை

என் அண்ணி நின்சீமாவுக்கு ஊர் வைத்த பெயர் வெந்நீர்க்காரி. காடு முடிந்து கொல்லைகள் தொடங்குகிற எங்கள் மலைச்சரிவில் அவள் ஏறி இறங்காத வீடு கிடையாது. ஊர் சுகாதாரத் தொண்டர் என்று ஒரு மஞ்சள் சட்டை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் என்று ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பிள்ளைகளின் விரலிடுக்கைப் பார்ப்பாள், அப்புறம்தான் நலம் விசாரிப்பாள். "துணியைக் கொதிக்கவை, பாயை வெயில்ல போடு" என்று அவள் சொல்வதை நாங்கள் அவள் முகத்துக்கு நேரேயே நடித்துக் காட்டுவோம். "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப கையைக் காட்டு" என்பாள்.

சிரங்கு என்றால் மட்டும் அவளுக்கு விளையாட்டு இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்துக் கொரில்லாக் குடும்பம் ஒன்றுக்கு, கொல்லையில் கிடந்த யாரோ துணியிலிருந்து மனிதச் சிரங்கு தொற்றிவிட்டது. முடியெல்லாம் கொட்டித் தோல் வெடித்து ஒரு குட்டி செத்தது. செத்த குட்டியைத் தாய் விடாமல் சுமந்துகொண்டு அலைந்ததை வேலியோரம் நின்று பார்த்தவள் அவள்.

நான் கொரில்லா விரட்டுகிறவன். விரட்டுவது என்றால் அடிப்பதில்லை. காட்டைவிட்டு வாழைத்தோப்புக்குள் வந்துவிட்டால் நாங்கள் சில பேர் வரிசையாக நின்று, மணியை ஆட்டி, தொண்டையைச் செருமி, மெதுவாகக் காட்டுப் பக்கம் திருப்பி அனுப்புவோம். பொறுமை வேண்டிய வேலை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். கொரில்லா மேல் வராது, மனுசன் மேல்தான் வரும்.

அதுவும் வாழைத்தோப்புக்காரன் கபகம்பே மேல். அன்று காலை அவன் தோப்பில்தான் வாழை முறிகிற சத்தம் கேட்டது. மணியை எடுத்துக்கொண்டு ஓடினோம். கூட்டத்துத் தலைவன், முதுகு வெளுத்த பெரிய ஆண், வெள்ளிமுதுகன் என்போம், நடுத்தோப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு மரத்தை நாராகக் கிழித்துத் தண்டைத் தின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் அவன் பெண்களும் குட்டிகளும். கபகம்பே அரிவாளும் கையுமாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கய்யா வாங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்துட்டாங்க, நீங்க மணியடிச்சு உபசரிங்க! இந்தக் கொரில்லாவைப் பாக்க வெள்ளைக்காரன் கடல் தாண்டி வர்றான். என் வாழையைப் பாக்க எவன் வர்றான்?"

"முதல்ல அரிவாளைக் கீழ போடுடா" என்றேன்.

"ஏன், உங்கப்பன் வச்ச வாழையா?"

கபகம்பேயின் சின்ன மகனுக்குச் சிரங்குத் தைலம் தடவ அண்ணி அந்நேரம்தான் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அவள் வாழையையும் பார்க்கவில்லை, அரிவாளையும் பார்க்கவில்லை. தோப்புக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த சோளக்கொல்லையைப் பார்த்தாள். பபூன் குரங்குகளை மிரட்டக் கபகம்பே அங்கே ஒரு பொம்மை நட்டிருந்தான். பொம்மை மேல் சிவப்பாக ஒரு சின்னச் சட்டை படபடத்தது.

"கபகம்பே, அது உன் சின்னவன் சட்டைதானே?"

"ஆமா."

"கொதிக்க வச்சியா?"

"பொம்மைக்கு எதுக்கு வெந்நீர்?" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "நீதானே சொன்ன, அந்தச் சட்டையைப் புள்ளைக்குப் போடாதேன்னு. நான் புள்ளைக்கா போட்டேன்? நல்ல துணி, வீணாப் போகுதேன்னு பொம்மைக்குப் போட்டேன்."

அட பாவி! எனக்கு வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. அதற்குள் ஒரு குட்டி தாயின் முதுகிலிருந்து இறங்கி, ஆடுகிற சிவப்பைப் பார்த்துத் தத்தித் தத்திச் சோளத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது.

"மணியை நிறுத்து தம்பி" என்றாள் அண்ணி. "இப்ப விரட்டினா எல்லாம் அந்தப் பக்கமாத்தான் போகும்."

"அண்ணி, கிட்டப் போகக்கூடாது. தெரியும்ல?"

"உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்."

தலைத்துணியை அவிழ்த்து வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டினாள். குனிந்து சோளத்துக்குள் நுழைந்தாள். தட்டைகள் அசைவது மட்டும் தெரிந்தது. எதிர்ப்பக்கம் குட்டி நின்றும் உட்கார்ந்தும் போய்க்கொண்டிருந்தது. குட்டி நின்றால் என் மூச்சு வந்தது, நடந்தால் நின்றது.

"ஒரு பழஞ்சட்டைக்காகச் செத்துத் தொலையப் போறா" என்றான் கபகம்பே. குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

குட்டி பொம்மையின் காலடிக்குப் போய்ச் சேர்ந்து, நிமிர்ந்து கையை நீட்டியது. சோளத்துக்குள்ளிருந்து அண்ணியின் கை எழுந்து சட்டையை வெடுக்கென்று பிடுங்கியது. குட்டி வீறிட்டது.

வெள்ளிமுதுகன் எழுந்தான். மார்பில் அறைந்துகொண்டான். மறுநொடி சோளம் இரண்டாகப் பிளக்க அவன் பாய்ந்தான். அண்ணி ஓடவில்லை. கையில் துணி ஆடினால் குட்டி மறுபடி வரும் என்று அதைச் சுருட்டித் தன் சட்டைக்குள் மார்போடு திணித்துக்கொண்டு, முகம் மண்ணில் பட அப்படியே கவிழ்ந்து படுத்தாள். அவள் தலைமாட்டில் வந்து நின்றான். பொம்மைக் கம்பைப் பிடுங்கி முறித்து எறிந்தான். அவள் முதுகுக்கு மேலே குனிந்து உறுமினான். எங்களில் ஒருவன் அழுதேவிட்டான். யார் என்று சொல்ல மாட்டேன், நான் இல்லை.

பிறகு வெள்ளிமுதுகன் குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு காட்டோரமாகத் திரும்பி நடந்தான். மற்றவையும் பின்னாலேயே போயின.

அண்ணி எழுந்து எங்களிடம் வரவில்லை. தள்ளியே நின்று, "தொடாதீங்க" என்றாள். அப்படியே வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். எனக்கும் பின்னால் கபகம்பே கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"ஏ வெந்நீர்க்காரி, சட்டையை எரிச்சுப்புடாதே! அவிச்சுத் திருப்பிக் குடு!"

வாசலில் என் அண்ணன் கைக்குழந்தையோடு நின்றிருந்தான். அம்மாவைக் கண்டதும் அது இரண்டு கையையும் நீட்டித் துள்ளியது. காலையில் பால் குடித்தது, அவ்வளவுதான்.

"கிட்டக் கொண்டுவராதீங்க!" என்று கத்தினாள் அண்ணி. "உள்ள தூக்கிட்டுப் போங்க. தண்ணியைக் கொதிக்க வைங்க."

குழந்தை அலறியது. அவள் அசையாமல் நின்றாள். பால் கசிந்து மஞ்சள் சட்டையின் முன்புறம் நனைந்து பரவியது. முகத்தில் மண்ணோடு கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அந்தக் கையை அவள் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை.

கபகம்பே என் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"இன்னும் ரெண்டு இருக்கு."

"என்னடா ரெண்டு?"

"பொம்மை. கீழக் கொல்லையில, காட்டோரம்."

கொரில்லாக்கள் போனது அந்தப் பக்கம்தான். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் அவன் ஓடத் தொடங்கியிருந்தான். நானும் ஓடினேன். கீழக் கொல்லையில் இரண்டு பொம்மையும் நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம், கல் எறிகிற தூரத்தில், கிளைகள் முறிந்துகொண்டிருந்தன. கபகம்பே ஊர்ந்து போய் இரண்டையும் சாய்த்து, துணிகளை ஒரு கம்பு நுனியில் மாட்டி எடுத்துவந்தான்.

நாங்கள் திரும்பியபோது அண்ணி குளித்து வேறு உடுத்தி, குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பானை கொதித்தது. கபகம்பே துணிகளை ஒவ்வொன்றாகப் பானைக்குள் தள்ளினான். கடைசித் துணி பெரிய ஆள் சட்டை.

"இது யாரோடது?" என்றாள் அண்ணி.

"என்னோடதுதான். எனக்கும் அரிக்குது, ரொம்ப நாளா. ஆம்பளை, சிரங்குன்னு எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது?"

அவனுக்கென்று வழி நெடுக நான் சேர்த்துவைத்திருந்த வசவை விட்டுவிட்டு, அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன். அண்ணி குழந்தையை மார்பிலிருந்து விலக்கி, மறுபடியும் அண்ணன் கையில் கொடுத்தாள். அது வீறிட்டது. தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பி நில்லு. முதுகைப் பாக்கணும்."