லாயத்து யன்னலும் அரிசிச் சாக்கும்

குதிரை லாயத்திலை வேலை எண்டால் சனம் நாங்கள் குதிரையேறித் திரியிறம் எண்டு நினைக்குது. எங்கடை வேலை அதுக்குப் பின்னாலை நிண்டு அள்ளுறது. பாரிஸ் லா சப்பலிலை விடிய ரயிலேறி, கையுறைக்குள்ளை விரல் விறைக்க வேலைக்குப் போற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சாக்கு

பாரிசுக்கு வெளியிலை ஒரு குதிரையோட்டப் பள்ளிக்கூடத்திலை நானும் சிவம் அண்ணையும் வேலை. ரெண்டுபேரும் வன்னி. மாடு வளத்தனாங்கள், குதிரையைப் படத்திலைதான் பாத்தது. முதல் மார்கழிக் குளிர் இறுக்கேக்கை, பிஜூ எண்ட வயசுபோன பெட்டைக் குதிரையின்ரை தலைக்கு மேலை யன்னல் ஆவெண்டு திறந்து கிடந்தது. இந்தச் சனத்துக்கு இரக்கமே இல்லையோ எண்டு எனக்கு விசர் வந்தது. நாங்கள் நாலுபேர் வாடகைக்கு இருக்கிற மார்க்ஸ் டோர்மோய் அறையிலை யன்னலுக்கு என்ன செய்யிறமோ, அதையே அவளுக்கும் செய்தன். ரூ காய் தெருத் தமிழ்க் கடையிலை வெறும் அரிசிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் ரேப் ஒட்டி, காத்துப் பூராமல் அடைச்சன்.

"இப்பதான்டா மனிசர் இருக்கிற இடம் மாதிரிக் கிடக்குது" எண்டார் சிவம் அண்ணை.

இருமல்

எங்கடை முதலாளி மதாம் அதுக்கு முதல்நாள்தான் நத்தார் லீவுக்குத் தாய் வீட்டை போயிருந்தா. மூண்டு கிழமை லாயம் எங்கடை பொறுப்பு. கதவையும் இழுத்துச் சாத்தினம். நனைஞ்ச வைக்கலை முழுக்க அள்ளாமல் மேலாலை புதுசைப் போட்டால் கீழை சூடாய்க் கிடக்கும் எண்டது என்ரை மூளை. பிஜூ இருமத் தொடங்கினாள். எங்களுக்கும் கண் எரிஞ்சது. அவளுக்குச் சளி, தடிமன் எண்டு நினைச்சு நான் இன்னும் ரெண்டு சாக்கு அடைச்சன், யோசிச்சுப் பாருங்கோ.

"குளிர் உள்ளுக்கை இறங்கீட்டுது, இன்னும் இறுக்கு" எண்டார் அண்ணை.

முழங்கால்

மதாம் திரும்பி வந்த அண்டைக்குப் பிஜூவின்ரை மூக்கு விரிஞ்சு, வயிறு துருத்தி மாதிரி அடிச்சுக்கொண்டிருந்தது. மிருக டொக்டர், ஒரு மெல்லிய மனிசி, வந்த கையோடை சாக்குகளைக் கிழிச்சா. பிறகு என்னை முழங்காலிலை இருந்து வைக்கலுக்குக் கிட்ட மூச்சு இழுக்கச் சொன்னா. மூத்திர நெடி நெஞ்சை அடைச்சுது. கண்ணாலை தண்ணி ஓடிச்சுது. குதிரை குளிரைத் தாங்குமாம், அதுக்குத்தான் குளிர்காலத்திலை மயிர் அடர்த்தியாய் வளருதாம். மூத்திர ஆவியும் வைக்கல் தூசியும்தான் அதின்ரை நுரையீரலுக்கு ஆகாதாம்.

"நீங்கள் நிண்டுகொண்டு மணந்து பாக்கிறியள், அவள் இதுக்குள்ளை படுக்கிறாள்" எண்டா டொக்டர்.

நனைச்ச புல்

பிறகு யன்னலெல்லாம் திறந்தம். வைக்கலை முழுக்க அள்ளி மரத்தூள் போட்டம். தூசி கிளம்பாமல் காய்ஞ்ச புல்லைத் தண்ணியிலை நனைச்சு, ஒவ்வொரு பிடியாய் நான்தான் தீத்தினன். தண்ணி ஐசாய்க் கிடக்கும், கை வெடிச்சு ரத்தம் வரும். வரட்டும் எண்டு விட்டன். ரெண்டு நாள் இருமல் குறைய, மூண்டாம் நாள் கூடும். மதாம் ஒரு சொல்லும் ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். ஒருநாள் கிட்ட வந்து நிண்டு, நிலத்தைப் பாத்துக்கொண்டு கதைச்சா.

"யன்னலைப் பூட்டக்கூடாது எண்டு நான்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்."

ஊசி

மாசி மாதம் பிஜூவாலை நாலடி நடக்க ஏலாமல் போச்சுது. இனி வைச்சிருக்கிறது அவளுக்கு வதை எண்டு டொக்டர் ஊசி கொண்டுவந்தா. சிவம் அண்ணை வெளியிலை போயிட்டார். நான் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவள் என்ரை ஜக்கற் பொக்கற்றுக்குள்ளை கரட் இருக்கோ எண்டு மூக்காலை தேடினாள். அண்டைக்குப் பாத்து நான் கொண்டுபோகேல்லை. எல்லாம் முடிஞ்சாப்பிறகு, இது என்னாலையோ எண்டு டொக்டரிட்டை கேட்டன். பிஜூவுக்கு முந்தியே நுரையீரல் பழுதாம். டொக்டர் பொய் சொல்லத் தெரியாத மனிசி.

"முழுக்க உங்களாலை இல்லை."

குளிர்காலத்திலை குதிரை பாக்கிறது எண்டால் வேறை ஒண்டுமில்லை, காத்து அடிக்கிற யன்னலைப் பூட்டாமல் நாங்கள் நடுங்கிக்கொண்டு நிக்கிறதுதான்.