இரண்டு எண்பட்டியல்கள்

பிள்ளைகளே, கரும்பு ஆலையில் எடைமேடைக் கணினி என் பொறுப்பு. ஒருநாள் கர்னல் என்னும் அதன் அடிப்படை மென்பொருளைப் புதிதாக்கினேன்; அது அனுப்பும் எண்களுக்குப் பொருள் சொல்லும் துணை மென்பொருளான சி நூலகத்தின் எண்பட்டியலைப் பழையதாகவே விட்டுவிட்டேன். புதியதில் 'காத்திரு' என்று பொருள்படும் எண்ணுக்குப் பழையதில் 'ரத்து' என்று பொருள். அது எனக்குத் தெரியாது.

மணலூர்பேட்டை விவசாயி முருகேசன் கரும்போடு வந்தபோது திரையில் அவர் பதிவுக்கு நேராக 'ரத்து' என்று வந்தது. கரும்பை வெட்டிக் கொண்டுவரச் சொல்லி ஆலையே கொடுத்த வெட்டு உத்தரவுச் சீட்டை அவர் நீட்டினார்.

"இன்னொரு தபா பாருங்க. வெட்டின கரும்பு காஞ்சிக்கினு போவுதுங்க."

"மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று திருப்பி அனுப்பினேன். சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் இரண்டு எண்பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்து அவர் வீட்டுக்கு ஓடினேன். டிராக்டரில் கரும்பு சருகாகிக் கிடந்தது.

"வந்துட்டீங்களா? கை குடுங்க, இறக்கணும்" என்றார். திட்டவில்லை.

கணினியைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். காய்ந்த கரும்பில் சாறு திரும்பவில்லை.